குகைக்குள் ரங்கையாவின் மூஞ்சி

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பெண் பார்க்கக்கூட வீடு போதவில்லை. பாயில் உட்கார்ந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று ஏமாற்றிப் போன காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது பூங்காவுக்குச் சீட்டு வாங்கி, கையில் காகிதப் பட்டையை ஒட்டிக்கொண்டு ராட்டினத்தடியில் நின்று சம்பந்தம் பேசுகிறார்கள். ரங்கையாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. அவருக்கு எதில்தான் நம்பிக்கை இருந்தது? பஸ்ஸில் ஏறிய பிறகும் அது சித்தூர்தான் போகிறதா என்று மூன்று பேரைக் கேட்பார். அந்த மூன்று பேரையும் நம்பமாட்டார்.

ஆனால் இன்றைக்கு அவருடைய கவலை வேறு. திருப்பதி மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பூங்காவின் பேரைச் சொன்னதுமே பகீரென்றது. இங்கே இருட்டுக் குகைக்குள் ஒரு படகு போகும். இரண்டு பக்கமும் பொம்மைகள் கையைக் காலை ஆட்டிப் பேசும். அந்தக் குகைக்குள் அவருடைய மூஞ்சி இருந்தது.

குகை கட்டியபோது கங்காதர நெல்லூர்ப் பக்கமிருந்து மண் சுமக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். சென்னையிலிருந்து வந்த பொம்மைக்காரர் அவரை உற்றுப் பார்த்து, "பெரியவரே, உங்க முகத்துல ரிஷிக் களை இருக்கு, அச்சு எடுத்துக்கட்டுமா?" என்றார். உலகத்தில் யாரையும் நம்பாத மனிதர் புகழ்ச்சியை மட்டும் நம்பிவிட்டார். மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு, பூசிய மாவு காயும்வரை பிணம் மாதிரி கிடந்தார். திறப்பு விழாவுக்கு ஊரையே கூட்டிக்கொண்டு போனார். படகு வளைந்தது. கோரைப்பல்லும் சிவப்புக் கண்ணுமாக அவருடைய மூஞ்சி, கதாயுதத்தால் தூணை அடித்து, "எங்கேடா உன் ஹரி?" என்று தெலுங்கில் கர்ஜித்தது.

அன்று முதல் ஊரில் அவர் பேர் இரணியன். ரேஷன் வரிசையில்கூட, "தூணு பக்கம் நிக்காத மாமா, சாமி வந்துடப்போது" என்பார்கள்.

குகையும் நன்றாக வாழவில்லை. சாமி இருக்கிற இடத்தில் படகு இடமாகச் சுற்றுகிறது, அப்பிரதட்சிணம் ஆகாது என்று திருப்பதிக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். முதலாளி பயந்துபோய்த் தண்ணீரை வலமாக ஓடவிட்டார். பொம்மைகளைத் திருப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் இரணியனின் முதுகைத் தரிசித்தார்கள். நரசிம்மர் தூணைப் பிளப்பதற்குள் படகு போயே போய்விடும். பிறகு அதையே கடல் கொள்ளைக்காரர் குகை ஆக்கி, அவர் மூஞ்சிக்கு ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று கேள்வி. ரங்கையா போய்ப் பார்க்கவில்லை.

மகள் தேன்மொழிக்கு வந்த இரண்டு வரன்கள், "இரணியன் மகளா?" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டன. மூன்றாவது பிரவீன்; திருப்பதியில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. இதுவும் படகோடு போய்விட்டால்?

"படகு வாணாம்மா, தண்ணி நாத்தம் அடிக்கும்" என்றார் ரங்கையா, குகை வாசலில் பிரவீனின் தாய் ரத்னம்மாவிடம்.

"அத்த நான் இன்னா குடிக்கவா போறேன்? ஏறுண்ணா."

"கரெண்டு பாயும்."

"இன்னா நைனா நீ, அவுங்களே ஏறிக்கினாங்க" என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி பிரவீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பனுடைய பயம் அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரங்கையா துண்டை முக்காடு போட்டுக்கொண்டு மனைவி கமலம்மாவின் பின்னால் பதுங்கினார். இருட்டில் படகு வளைந்தது. முதலில் ஒரு முதுகு வந்தது. ஜடாமுடி, மான்தோல். கொள்ளைக்காரனுக்கு எதற்கு மான்தோல் என்று அவர் யோசிப்பதற்குள் படகு அதைத் தாண்டிவிட்டது. பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "சுபமஸ்து!"

எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளைத் தாடி, நெற்றியில் நாமம், தாடிக்கு மேலே ரங்கையாவின் மூக்கு. கொள்ளைக்காரனை யாரோ ரிஷியாக்கியிருந்தார்கள். தூணை அடித்த அதே கை, அடித்த அதே வேகத்தில், ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது.

ரத்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிரவீனு, கும்பிட்டுக்கோடா! நாம தாண்டிப் போனாலும் கூப்ட்டு வாழ்த்துறாரு பாரு. மஞ்சி சகுனம், ரொம்ப நல்ல சகுனம். அண்ணா, இனிமே பேச்சே இல்ல, பொண்ணு எங்க வூட்டுக்குத்தான்."

வெளிச்சத்துக்கு வந்ததும் கமலம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அது இவரு மூஞ்சிதாம்மா! இவர வெச்சுத்தான் செஞ்சாங்க!"

ரத்னம்மா ரங்கையாவின் முக்காட்டை விலக்கி நன்றாகப் பார்த்தாள். "சும்மா இரு வதினா" என்று கமலம்மாவை அடக்கினாள். "அந்த முகத்துல இன்னா ஒரு சாந்தம்! அண்ணனப் பாரு, குறுக்கே பூனை போன மாதிரி மொறைச்சிக்கினு இருக்குது."

தப்பித்தோம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புத்தி இருந்தால் மூடிக்கொண்டிருப்பார். "அந்த மூஞ்சிய நம்பி சம்பந்தம் பண்ணாதீங்கம்மா" என்றார் ரங்கையா. "அத்த நான் எழுவது வருசமா கூடவே வெச்சிக்கினு இருக்கேன். ஒரு நாளாவது நல்ல வார்த்த சொல்லிச்சா, கேளுங்க எங்க வூட்டுல."

"சொன்னதில்ல" என்றாள் கமலம்மா.

பிரவீன் முதல் தடவையாக வாய் திறந்தான். "பொம்மைய வுடுங்க மாமா. உங்க பொண்ணு சரின்னு சொல்லிட்டுது."

"எப்போ?"

"இருட்டுல. அம்மா கும்பிட்டுக்கினு இருந்தப்போ."

ரங்கையா மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஆனால் சிரிப்பை மறைக்கவில்லை.

"இன்னொரு சுத்து போலாம்" என்று ரத்னம்மா மறுபடி வரிசைக்குக் கிளம்பினாள். "இந்த வாட்டி மொதல்லயே திரும்பி உக்காந்துக்கணும். வாண்ணா!"

"நீங்க போங்க. அடுத்த வாட்டி கோரைப்பல்லோட வருவான். எனக்குத் தெரியாதா அவன?"

அவர் வாசல் பக்கம் நடந்தார். முதுகுக்குப் பின்னால் குகைக்குள்ளிருந்து "சுபமஸ்து!" என்று கேட்டது.

"இவனாவது, வாழ்த்தறதாவது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.