உப்பளத்து ஆவி

தேவபிரசாதம் வாத்தியார் நாசரேத்துக்காரர். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸைத் தமிழில் நடத்திக்கொண்டிருந்தார். உப்பள முதலாளி ராஜதுரை அண்ணாச்சி, தம் ஆட்களுக்கும் அறிவு வரட்டும் என்று அவரை ஒரு சனிக்கிழமை பேசக் கூப்பிட்டார்.

"பாத்தியில் நிற்கிற தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது. அந்த ஆவி இப்போதும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது" என்றார் வாத்தியார்.

திங்கட்கிழமை உப்பளத்துக்கு ஒருவரும் வரவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத ஆவி தலைக்கு மேல நிக்குன்னு படிச்சவுகளே சொல்லுதாவ. பிள்ளகுட்டிக்காரி நான், அங்கன வருவேனா?" என்று உப்பு வாரும் சண்முகவடிவு, கூப்பிடப் போன அண்ணாச்சியிடம் வீட்டு வாசலிலேயே கையை விரித்துவிட்டாள்.

வாத்தியாருக்கு அவமானமாகிவிட்டது. வீட்டிலும் ஆறுதல் இல்லை. "ஆவிய ஜெபத்தோட நிறுத்தியிருக்கணும். உப்பளத்துக்கு ஏன் கொண்டு போனீய?" என்றாள் மனைவி ஜீவமணி.

வாத்தியார் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் காசிலிங்கத்திடம் ஓடினார்.

"வேற சொல்லு குடும் ஐயா. பாஷ்பம்னு சொல்லட்டுமா?"

"பாஷ்பம்னா கண்ணீருன்னும் அர்த்தம் உண்டு. அழுதுகிட்டே உப்பு வாரச் சொல்லப் போறீரா?" பண்டிதர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ஆவின்னா மூச்சு வே. வாயைத் திறந்து மூச்சு விடுதது ஆவித்தல். கொட்டாவிக்குள்ளயே ஆவி இருக்கு, பாரும். மூச்சு போனா உயிரு போச்சு, அதனால உயிருக்கும் அதே பேரு. சட்டிப்பானையில கிளம்புறதும் மூச்சு மாதிரிதான். பேய் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கிட்டது."

மறுநாள் காலை ஊர் மரத்தடியில் ஆட்களைக் கூட்டினார் அண்ணாச்சி. வாத்தியார் பண்டிதர் சொன்னதை விளக்கிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார்.

சண்முகவடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுவா ஆவி? அப்ப எங்க வீட்டுக்காரர்ட்ட இருந்து நாளெல்லாம் ஆவிதாம்லா வருது!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே கொட்டாவி வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. பிறகு கூட்டமே வாயைப் பிளந்தது. பயம் போன நிம்மதியில் நாலைந்து பேர் அங்கேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். உச்சி வெயில் ஏறிய பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்து உப்பளத்துக்கு நடந்தார்கள்.

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழமை மழை எப்படி வருதுன்னு சொல்லட்டுமா?"

அண்ணாச்சி கும்பிட்டார். "வேண்டாம் வாத்தியாரே. அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்."