கணவாய் உச்சியில் எடுத்த படம்

படத்தில் நான் சிரிக்கிறேன். பக்கத்தில் வாடகை புல்லட் நிற்கிறது. பின்னால் மஞ்சள் பலகையில் பதினேழாயிரத்துச் சொச்சம் அடி என்று எழுதியிருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் என் கன்னத்தில் நானே இரண்டு விடலாம் என்று தோன்றும்.

நடந்தது இதுதான். உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போதே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. தலை வெடித்தது, இரண்டு முறை வாந்தி. பனி உருகி ஓடிய சேற்றில் வண்டி சரிந்தது; தூக்க முடியவில்லை. ஐம்பத்து நான்கு வயது ஆம்பளை, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். காய்கறி ஏற்றி வந்த லாரிக்காரர் நிறுத்தினார். அவரும் கூட வந்தவரும் வண்டியைப் பின்னால் ஏற்றிக் கட்டி, என்னை முன்னால் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அதோடு விட்டேனா? உச்சியில் பலகையைக் கண்டதும், வண்டியை இறக்குங்கள், ஒரே ஒரு படம் என்று எங்கள் ஃபிஜி இந்தியில் கெஞ்சினேன். இறக்கினார்கள். படம் எடுத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். மகராசர்கள்.

இந்த வயதில் எனக்கெதற்கு இமயமலை? எதையாவது ஒன்றைப் பாதியில் விட்டு ஓடாமல் முடிக்க வேண்டும் என்ற வீறாப்புதான். ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த முதல் 'கூ' எண்பத்தேழில் நடந்ததுமே பிரிஸ்பேனுக்குப் பறந்தவன் நான். அண்ணன் அப்பலசாமி பா என்கிற எங்கள் ஊரிலேயே கரும்போடு தங்கிவிட்டார். இரண்டாயிரத்தில் மறுபடி கூ. தோட்டத்து லீஸும் முடிந்தது. எங்களையும் அங்கே கூப்பிட்டுக்கொள், குடியேற்ற மனு அனுப்பு என்றார். அந்தக் கதையை இப்போது விடுங்கள்.

படத்தை அண்ணனுக்கு அனுப்பி, "ஒத்தையா தாண்டிட்டேன் அண்ணே," என்று போனில் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அண்ணி சரோஜ் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அண்ணன் காப்புக் கட்டிக்கிட்டு கோயில்லயே கெடக்காரு. நீ நல்லபடியா மலை தாண்டினா தீ மிதிக்கிறேன்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டாராம். கால் இருக்கற லட்சணத்துல! நான் சொன்னா கேக்கறாரா? நீயாவது வந்து சொல்லு."

அண்ணனுக்குச் சர்க்கரை. போன வருஷம்தான் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தாண்டாத மலைக்காக அந்தக் கால் நெருப்பில் இறங்கப் போகிறது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

நாந்தி விமான நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்து பா போய்ச் சேர்ந்தபோது தீமிதி நாள் மத்தியானம். கோயில் பலகையில் என் படம், பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. மஞ்சள் வேட்டியில் இளைத்துக் கறுத்திருந்த அண்ணன் என் தோளைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் இழுத்துப் போனார். "நம்ம தம்பி நரேந்திரா. ஒத்தையா ஏறினவன்!" யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. கட்டு அவிழ்த்த அவர் காலில் மஞ்சள் அப்பியிருந்தது.

மாமரத்தடிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வாந்தி, அழுகை, லாரி, இறக்கி ஏற்றியது வரை.

அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அரே, லாரியிலயா? நீ வண்டியில வந்தியா லாரியில வந்தியான்னு ஆத்தா கேட்டாளா? உசுரோட எறங்கி வந்தியா இல்லியா? வேண்டுதல் அதுக்குத்தான்டா."

"அண்ணே, உங்க காலு..."

"என் காலு, என் ஆத்தா. நீ யாரு நடுவுல?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, ஒரு சின்னப் பொய் மூணு வாரம் ஒன் வயித்துல தங்கல. அந்த ரெண்டாவது கூவுக்கு அப்பறம், 'மனுவத் தள்ளிட்டானுங்க அண்ணே'ன்னு போன்ல அழுதியே, ஒங்க அண்ணி நம்பல. தம்பி மனுவே போட்டிருக்க மாட்டாருன்னா. நான் கோவத்துல அவகிட்ட ஒரு மாசம் பேசல, தெரியுமா? என் தம்பிக்கு எங்கிட்ட பொய் சொல்ல வராதுடின்னேன்."

மனு இரண்டு வருஷம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. எல்லாம் நிரப்பியாகிவிட்டது, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆறு பேர் வந்தால் என் வீடு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன். அழுதது நிஜம். தொல்லை தீர்ந்தது என்று வந்த அழுகை அது. அந்த இரண்டு வருஷமும், இந்தியர் வீடுகள் மேல் கல் விழும் என்று பயந்து இவர்கள் ராத்திரியெல்லாம் கரும்புக்குள் படுத்திருந்தார்கள்.

மேளம் அடித்தார்கள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "கீழ போட்டுடாத," என்றார்.

அண்ணி வேலியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லடா நாயே, இப்போதாவது சொல் என்று என்னையே திட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"பாத்து நடங்க அண்ணே," என்றேன்.