ஆறு ஜாடி தண்ணிப் பாம்பு

ஊறுகாய் ஜாடியில் பாம்பை ஊறப்போடுகிற மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தன் தலையில் கட்டினார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும் என்பாள் ஐடா. அவள் புருஷன் கொர்னேலியஸ் சுரங்க ஸ்டோரில் குமாஸ்தா. வேலை முடிந்ததும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாம்பு பிடிக்க ஏரியில் இறங்கிவிடுவான். ஊருக்கெல்லாம் அது வெறும் தண்ணிப் பாம்பு. இவனுக்கு மட்டும் பச்சை ஒரு வகை, மஞ்சள் ஒரு வகை, சிவப்புப் புள்ளி இன்னொரு வகை. உலகத்தில் யாரும் பார்க்காத வகையாம், இவன் பெயரையே வைப்பார்களாம். ஆசையைப் பாருங்கள்!

பாம்பு கெடாமலிருக்க ஆண்டர்சன்பேட்டைச் சாராயம் வேறு. வீடே நாறியது. ஜெபத்துக்கு வந்த பாதிரியார் மூக்கைச் சுளித்து, குடியின் கேட்டைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். மானம் போனது ஐடாவுக்குத்தான்.

"நீங்களும் ஒங்க பாம்பும்! திரும்பிப் பாக்கவே புடிக்கல" என்று எரிந்து விழுவாள்.

இவன் மியூசியத்துக்குக் கடிதம் எழுதி எழுதி, கடைசியில் அங்கிருந்து துரை ஒருவர் மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கினார். புது வகைதான் என்று அவர் சொன்னால்தான் பாம்புக்கு இவன் பெயர். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடுமென்று வருஷம் பூராவும் ஜாடிகளைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருந்த புத்திசாலி, கோட்டு மாட்டிக்கொண்டு துணியை அவிழ்த்தான்.

ஆறும் ஒரே சாம்பல். நிறத்தையெல்லாம் சாராயம் தின்றிருந்தது. கறுப்புக் கட்டம் மட்டும் மிச்சம். அது ஆறிலும் ஒரே மாதிரி இருந்தது.

துரை ஜாடியைத் தட்டி, இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஐடாவுக்குச் சிரிப்பு மட்டும் புரிந்தது. கொர்னேலியஸ் தலை குனிந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏசுவதற்குக் கட்டினவள் இருக்கிறாள், இந்த ஆள் யார்?

"இன்னா தொர சிரிக்கிறீங்க?" என்று முன்னால் வந்தாள். "இது பாசிப் பச்ச, கழுத்தாண்ட மஞ்சக் கோடு. இது முதுகு பூரா மஞ்சளு. இதுக்கு விலாவுல செங்கல் நெறத்துல புள்ளி, வாலாண்ட கெடையாது." விடாமல் ஆறையும் சொல்லி முடித்தாள்.

துரைக்குத் தமிழும் தெரியாது, அக்கறையும் கிடையாது. தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். அத்தோடு பெயரும் போயிற்று.

கொர்னேலியஸ் துரை போன பக்கம் திரும்பவேயில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதெல்லாம் பாத்தியா நீ?"

"மூஞ்சியப் பாரு! போங்க, கோட்டக் கழட்டுங்க" என்றாள் ஐடா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.