புருஷனுக்கும்தான்

தையல்காரர் இரண்டாவது முறையாகக் கதவைத் தட்டினார். நூலகத்தின் பின்பக்கத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய அறை அது. 'பெரியவர்கள் தட்டவும். தட்டிவிட்டுக் காத்திருக்கவும்' என்று பிள்ளைகளே எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். காத்திருந்தார். வீட்டில் மனைவியின் உடலைச் சுற்றி உறவுக்கூட்டம் உட்கார்ந்திருக்க, கட்டின புருஷன் இங்கே வந்து நிற்பது அழகில்லைதான். சட்டைப்பையில் கைபேசி துடித்தது. மைத்துனன்.

“எங்க மாமா போயிட்டீங்க? மூணு மணிக்கு எடுக்கணும். எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க.”

“வந்துடறேன்பா.”

இரவெல்லாம் தூங்காததில் தரை லேசாக மிதந்தது. தன் குரலே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

நேற்று மதியம் இந்த அறையில்தான் அவள் உயிர் போனது. இருபத்தாறு வருடம் இங்கே நூலகர். வாசகர் கூட்டம் வற்றிப்போய், மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்தபோது, மல்லுக்கு நின்று இந்த அறையை வாங்கினாள். நினைத்த பொருளை அச்சடித்துத் தரும் இயந்திரம், கண்ணில் மாட்டினால் கடலோ மலையோ எதிரே வந்து நிற்கும் ஹெட்செட் என்று ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகள் மொய்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவாளாம். நேற்று காவலாளி சொல்லித்தான் அவருக்கு அது தெரியும். மாட்டியபடியே இதயம் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. கொண்டையில் பென்சில் செருகிய பதினைந்து வயதுப் பெண். அந்த அறைக்கென்று பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த செயலாளர். இமைகள் வீங்கியிருந்தன.

“உள்ள வாங்க அங்கிள்.”

இன்று நூலகத்துக்கு விடுமுறை. ஆனாலும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகளை விரட்டக் காவலாளிக்கு மனசு வரவில்லை. ஜன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலி, மேலே ஹெட்செட்டோடு வெயிலில் சும்மா கிடந்தது.

“அம்மாடி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கடைசியா அவ இதுல என்ன பாத்துட்டு இருந்தா?”

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லக் கூடாது அங்கிள்.”

“என்னது?”

“யார் என்ன படிச்சாங்க, என்ன பாத்தாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மேடம் போட்ட விதி. அப்பா அம்மா வந்து கேட்டாக்கூட.”

“நான் அவ புருஷன்மா!”

“புருஷனுக்கும்தான்.” சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனாள்.

நண்டு சிண்டெல்லாம் நமக்கு விதி சொல்லுதா என்று அவருக்குச் சுறுசுறுவென்று வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும்விட்டது. மனைவியின் இந்தப் பிடிவாதம் அவர் அறியாததா? அவருடைய தங்கையே ஒருமுறை வந்து, தன் மகள் என்ன புத்தகம் எடுக்கிறாள் என்று கேட்டாள். டீ கொடுத்து, ஊர்க்கதை பேசி, வெறுங்கையாக அனுப்பிவைத்தவள் இவள். “பெரிய ராணுவ ரகசியம் பாரு” என்று அன்று அவர் கத்தினார்.

“அந்த மெஷின்ல பதிஞ்சிருக்குமே?”

“பூட்டறப்ப அன்னன்னிக்கு உள்ளத அழிச்சிடுவோம் அங்கிள். நேத்தும்...” உதடு கோணியது. “நேத்தும் அழிச்சிட்டேன்.”

“நீ பாத்தியா?”

“அவங்க கண்ணுலேர்ந்து நான்தான் கழட்டினேன். படம் ஓடிட்டே இருந்துச்சு.”

அழத் தொடங்கினாள். இன்னும் ஓர் அதட்டல் போட்டால் சொல்லிவிடுவாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. முப்பது வருடம் கூட இருந்தவள் கடைசியாகப் போய் நின்ற இடம் எது? அங்கே தானும் ஓர் ஓரத்தில் இருந்தாரா, இல்லை, தன்னை விட்டுவிட்டுப் போய்வந்த இடமா? அது தெரியாமல் வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தார். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொள்ளப் போகிறவள்போலக் கைகளைத் தூக்கினாள்.

“சரி, சொல்லாத,” என்றார். “சொல்லவே சொல்லாத.”

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க உக்காந்து பாக்கறீங்களா? மேடத்தத் தவிர பெரியவங்களுக்கு அனுமதி இல்ல. ஆனா இப்ப ஓட்டுப் போட்டுட்டோம்.”

“எப்ப போட்டீங்க?”

“இப்பதான். கண்ணாலயே.”

உட்கார்ந்தார். ஹெட்செட்டின் பட்டை மண்டையை நெருக்கியது.

“டைட்டா இருக்கும் அங்கிள். மேடத்துக்கு அப்புறம் யாரும் போடல. தளத்தி விடறேன்.”

ஊருக்கெல்லாம் அளவெடுத்த விரல்கள் பின்பக்கமாகப் போய் அந்தப் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவின.

“வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்.”

இருட்டு மெல்ல விலகியது. தெருக்கள், கடற்கரைகள், ரயில் நிலையங்கள், பெயர் தெரியாத தோட்டங்கள் என்று சின்னச் சின்னப் படங்களாக எதிரே மிதந்தன. வேண்டியதைக் கையால் தொட்டால் போதும் என்றாள். அவர் கை நீண்டு, பாதியில் நின்றது. அவர் பார்ப்பதை மற்றவர்களுக்கும் காட்டும் சுவர்த்திரை அணைகிற சத்தம் கேட்டது. பிறகு, தரையில் பல கால்கள் தேய்ந்து திரும்பின.

“நாங்க யாரும் பாக்கல அங்கிள்.” குரல் சுவரைப் பார்த்துப் பேசியது.

அவர் ஓர் இடத்தைத் தொட்டார்.