பெரிய டயர் போடு

பெருசாப் போடு, பெருசாப் போடு, காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்தது, இதோ பதினொரு மணிக்கு நான்காவது முறையாகப் போன், எடுத்தால் புருசன் ஜெயப்பிரகாஷ் அதையேதான் சொல்லப்போகிறார், எடுக்காவிட்டால் ஐந்தாவது முறை அடிப்பார், ஹேமாவதி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அரக்கோணம் சாலையில் பரணிதரனின் டயர் கடை, தகரக் கூரை அனலாய்க் கொதிக்கிறது, எதிரே ஜாக்கியில் ஏறி நிற்கிறது அவர்களுடைய டீசல் பிக்கப், நான்கு சக்கரமும் கழற்றிய வண்டியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, சட்டையில்லாமல் நிற்கும் மனுசனைத் தெரியாமல் பார்த்துவிட்ட மாதிரி. கழற்றிய டயர்கள் சுவரோரம் கிடந்தன, நடுவில் மழமழவென்று தேய்ந்து போய், இன்னும் ஒரு மாதம்கூடத் தாங்காது, ஆடிக் கிருத்திகை வேறு வருகிறது, மலையடிவாரத்தில் மூன்று அன்னதானப் பந்தலுக்கு வாடகைக்கு ஜெனரேட்டர் ஒத்துக்கொண்டாயிற்று, ஒரு டன்னுக்கு மேல் கனக்கிற ஜெனரேட்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டு காவடிக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போக வேண்டும், புது டயர் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை, எந்த சைஸ் என்பதில்தான்… அதுவும் சண்டை என்று சொல்ல முடியாது, சண்டை போட்டாலாவது முடிந்துபோகும், இது பல்லிடுக்கில் சிக்கிய நார், எட்டு மாதமாக.

எட்டு மாதமாக வண்டி ஓட்டுவது யார்? நான். விடியற்காலையில் மணவூர் கல்யாணத்துக்கு வண்டியைத் திருப்ப இடமில்லாமல் ஜெனரேட்டரோடு அரை பர்லாங் பின்னாலேயே வந்தது யார்? ஆனால் டயர் எது என்று சொல்வதற்கு மட்டும் எல்லாருக்கும் வாய் இருக்கிறது, கொழுந்தன் திலீப் ஏதோ வீடியோ அனுப்புகிறான், மலையேறும் ஜீப்புக்கு யானைக்கால் மாதிரி டயர், பாருங்க அண்ணி செம லுக்கு என்று, டீக்கடையில் நிற்கிறவர்கூடச் சொல்கிறார், இந்தக் கடைக்கு வந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டி ஓட்டறது யாருங்க என்று கேட்டார், நான்தாங்க என்றாள், ஆங் என்றார், அப்புறம் பரணிதரனிடம் மட்டுமே பேசினார். பரணிதரன் பரவாயில்லை, ஜெயப்பிரகாஷின் வண்டிக்குப் பத்து வருடமாக அவன்தான் கை வைக்கிறான், இரண்டு டயரை உருட்டி வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான், இது இப்ப போட்டுக்கினு கீற சைஸ், இருநூத்தி பதினஞ்சு, அது இருநூத்தி முப்பத்தஞ்சு, அண்ணன் கேக்கறது, பாக்கறதுக்கு ரெண்டு விரக்கடை உசரம்தான் அண்ணி வித்தியாசம், ஆனா சக்கரம் பெருசானா இஞ்சினுக்கு இழுவை கம்மியாயிடும், வெறும் வண்டின்னா தெரியாது, பின்னாடி லோடு மாட்டிக்கினு ஏத்தத்துல போனீங்கன்னா கிளட்ச்சைப் போட்டு வறுக்கணும், பிரேக்கும் கொஞ்சம் அமுக்கித்தான் பிடிக்கணும், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசும். அப்ப ஏன் அவர் கேக்கறாரு? அவன் டயரைத் தட்டினான், அண்ணனுக்கு அந்த சேத்துல மாட்டினது மனசுல கீது போல.

மனசுல கீது. யாருக்குத்தான் இல்லை? ஐப்பசி, தீபாவளிக்கு ஒரு வாரம், கே.ஜி.கண்டிகை தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம், மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது, கரை மேல் ஏறும் களிமண் பாதை, பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றியது, சேற்றை வாரி இறைத்தது, நின்றது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நீ இப்படி வா, பிரேக்க நல்லா மெதிச்சிக்கினு இரு, சக்கரத்துக்கு கல்லு வெச்சிட்டு வர்றேன் என்று அவளை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்துவிட்டு இறங்கினார், அவள் லைசென்ஸ் எடுத்து நான்கு வருடம், அதுவரை தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை, மிதித்துக்கொண்டுதான் இருந்தாள், சத்தியமாக மிதித்துக்கொண்டுதான் இருந்தாள், அப்போது முன்னால் வைத்திருந்த போன் அடித்தது, நிச்சயதார்த்த வீட்டுக்காரர், கரண்ட் போயிடுச்சி எங்க கீறீங்க என்று கேட்பதற்காக, அவள் எட்டிப் போனை எடுத்தாள், எட்டும்போது கால்… எடுத்தாளா? தளர்ந்ததா? ஹேண்ட் பிரேக்தான் போட்டிருக்கிறதே என்று நினைத்தாளா, நினைக்க நேரம் இருந்ததா, இதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கால் மட்டும் தெரிவதில்லை. வண்டி பின்னால் போனது, ஒரு முழம்தான், இருந்தால் இரண்டு முழம். அவருடைய இடது கணுக்கால் மேல் ஜெனரேட்டரின் சக்கரம். அவர் கத்தவில்லை. ஹேமா என்று மட்டும் கூப்பிட்டார், சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற குரலில். இப்போது கணுக்காலுக்குள் தகடு, கையில் குச்சி, கிளட்ச்சை மிதிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஜெயப்பிரகாஷ் சொன்னது ஒரே வாக்கியம், டயர் வழுக்கிடுச்சி. அவளுடைய அப்பா அம்மையார்குப்பத்திலிருந்து தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார், அவரிடமும் அதேதான், டயர் வழுக்கிடுச்சி மாமா. அவள் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றாள். ஒருமுறைகூட, ஒரே ஒரு முறைகூட, நீ பிரேக்கை விட்டியா என்று அவர் கேட்டதில்லை, தெரியாததால் கேட்கவில்லையா, தெரிந்துதான் கேட்கவில்லையா, இந்தப் பெரிய டயர் பெரிய டயர் என்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்குள் என்னவோ ஒன்று பிறாண்டுகிறதே, தப்பை டயர் மேல் ஏற்றி என்னைக் காப்பாற்றுகிறாராம், யார் கேட்டது, திட்டித் தொலைத்திருந்தால் அழுது முடித்திருப்பேன்…

பழைய சைஸே போடுங்க, என்று எழுந்து நின்று சொன்னாள், குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது, லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். ஆனா சேத்துல பிடிக்கிற மாதிரி பட்டன் வெச்சது, வெயிட்டு தாங்கறது, பின்னாடி ரெண்டுக்காவது அப்படி வேணும். பரணிதரன் தலையாட்டினான், அது கீது அண்ணி, அதான் சரி, நான் சொன்னா அண்ணன் கேக்கமாட்டாரு, நீங்க சொல்லுங்க. உள்ளே போய் எடுத்து வந்தான், கழற்றிய சக்கரத்தில் மாட்டினான், காற்று அடித்தான், வேலை பாதியில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே, கேபிளும் புதுசு போட்டுட்றேன் அண்ணி, கொஞ்ச நேரம் ஆவும் என்றான். என்ன கேபிள்? ஹேண்ட் பிரேக்கு. நான் சொல்லலையே. அடியில் ஸ்பேனர் நின்றுவிட்டது, அப்புறம் நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தான், முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான், கரி இன்னும் அகலமாகப் பூசிக்கொண்டது.

“அண்ணன் சொல்லிக்கீறாரு அண்ணி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு, நான் பாரு, உளறிட்டேன்.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“போன புரட்டாசியிலயே நான் சொன்னேன், கேபிள் லூசா கீது, லோடோட ஏத்தத்துல நிக்காது, மாத்திடலாம்னு. தீபாவளி போவட்டும்டா, வண்டியை நிறுத்த முடியாதுன்னாரு. அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்தே போன் பண்ணாரு. வண்டி உங்கிட்ட வரும், மொதல்ல கேபிளை இறுக்கு, ஹேமாவுக்குத் தெரிய வேணாம்னு. அழுதுட்டாரு அண்ணி. நான் இறுக்கித்தான் வுட்டேன், இப்ப புதுசே போட சொல்லிட்டாரு.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். லாரிக்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. நகரி பக்கம் போகும் பஸ் ஒன்று காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவளுக்கு அது எங்கேயோ கேட்டது, நிக்காது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தே அதை இழுத்துவிட்டு என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார், தெரிந்ததால்தான் நல்லா மெதிச்சிக்கினு இரு என்றாரா, அந்த நல்லா என்ற வார்த்தையை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லையே, அப்படியானால் டயர் வழுக்கிடுச்சி என்றது எனக்காக இல்லை, தனக்காக, எட்டு மாதமாக அவரும் அதே ஏற்றத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறாரா, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக… போன் அடித்தது, இந்த முறை எடுத்துவிட்டாள்.

“என்னா ஹேமா, பெருசு போட்டாச்சா?”

“இல்ல பாவா. பழைய சைஸ்தான். இழுவை கொறையும்னு பரணி சொல்றான். பட்டன் டயர் போட்டுக்கீறேன்.”

கோபப்படுவார் என்று காத்திருந்தாள், அதற்கான பதில்கூடத் தயாராக இருந்தது, ஓட்டறது நான்தானே என்று.

“அப்போ பழைய சைஸே போதும்ன்றியா,” என்றார், கேள்வியாக இல்லை, குரல் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. “சரி. நீதான ஓட்டற.”

சொல்லிவிடலாம், இப்போதே, பாவா, போனை எடுக்கறப்ப நான் காலை எடுத்துட்டேன், ஐந்தாறு வார்த்தை, சொன்னால் அந்த மனுசனுக்கு எவ்வளவு பாரம் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்றால் இந்தக் கணம்தான் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் பரணிதரன் கேபிள் என்று சொல்லி முடித்தபோது அவளுக்குள் முதலில் எழுந்தது கோபம் இல்லை, அவர் மேல் இரக்கமும் இல்லை, அப்பாடா, என்னால இல்ல, அவ்வளவுதான், அவருடைய உடைந்த கால்கூட நினைவுக்கு வரவில்லை, எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தோள் தானாக இறங்கியது. அதே அப்பாடா அவருக்கும் வேண்டும்தானே. வாயைத் திறந்தாள். அந்த அப்பாடாவை அவருக்குக் கொடுத்துவிட்டால் தன்னிடம் இருக்காதோ என்று இருந்தது.

“வெச்சிடட்டா?” என்றார்.

“ஆங்,” என்றாள், ஆனால் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.