முனிசாமி மாமா திட்டாத பாட்டு

முனிசாமி மாமா எங்களைத் திட்டாத நாள் கிடையாது. நாங்கள் பாட்டு வாசிக்கும் தணிகாசலம் வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர், தறி நெய்பவர். நாங்கள் வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தறிக்குழியிலிருந்து ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டி வந்து உள்ளங்கையால் கதவைத் தட்டுவார்.

"ஏம்பா தணிகாசலம், வூட்ல எதுனா எழவு வுழுந்துட்சா? எதுக்கு இப்டி அடிச்சிக்கினு இருக்கற?"

தணிகாசலம் டிரம் குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, "இதோ முடிஞ்சிடுச்சு மாமா" என்பான். முடியாது. அடுத்த பாட்டுக்கு மறுபடியும் கதவு தட்டப்படும்.

நாங்கள் நான்கு பேர். தணிகாசலம் பகலில் பட்டு நெய்வான், சாயங்காலம் டிரம் அடிப்பான். அப்பாதுரைக்கு முசரவாக்கத்தில் நிலம். ஏர் பிடித்த கையோடு வந்து பேஸ் கிதாரைப் பிடிப்பான். என் அண்ணன் ஆராவமுதன் பாங்க் குமாஸ்தா, எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பான். மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் பூமா. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டியவள். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே வரும் இங்கிலீஷ் பாட்டுகளின் சொற்களைப் பிடித்து எழுதித் தருவது என் வேலை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அண்ணனின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து தணிகாசலம் இருக்கும் நெசவுப் பேட்டை பிள்ளையார்பாளையத்துக்கு வருவதற்கு அப்பாவிடம் என்ன பொய் சொன்னோம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

எங்கள் குழுவுக்கு 'அயர்ன் ஷட்டில்ஸ்' என்று பெயர். இரும்பு நாடா, தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுமே, அந்த நாடா. இந்த மாதிரி சங்கீதத்துக்கு வெளிநாட்டில் அப்போதுதான் மெட்டல் என்று ஏதோ பெயர் வைத்துக்கொண்டிருந்தார்களாம். பிள்ளையார்பாளையத்தில் அதற்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது: ஓட்டைப் பாத்திரம்.

வாசித்ததெல்லாம் அடுத்தவன் பாட்டு. சிற்றலையில் ஒரே ஒரு தடவை காதில் விழுந்து, பிறகு எங்கே தேடியும் கிடைக்காமல் போன பாட்டுகள்தான் அதிகம். நாங்கள் அவற்றை வாசிக்காவிட்டால் இந்த ஜில்லாவிலேயே அவை இல்லாமல் போய்விடும் என்று ஆராவமுதன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். தணிகாசலம் மட்டும் சிரிக்க மாட்டான். "எல்லாம் ஈயடிச்சான் காப்பிதானேப்பா" என்பான்.

எழுபத்து நான்காம் வருஷம் ஆனி மாதம் மெட்ராஸ் ரெக்கார்டு கம்பெனி ஒன்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. சின்ன ஊர்க் குழுக்கள் தங்கள் பாட்டுகளை ஸ்பூல் டேப்பில் பதிந்து அனுப்பலாம். நன்றாக இருந்தால் கூப்பிடுவோம். ஒரே நிபந்தனை: ஒரு பாட்டாவது சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும்.

அன்றைக்கே தணிகாசலம் தன் மனைவி காந்தாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தான். பின்கட்டில் டிரம் வைத்திருந்த இடத்தில் இரண்டாவது தறி போட வேண்டும் என்பது காந்தாவின் ஆசை. நியாயமான ஆசை. குடும்பம் பெருகப் போகிறது, ஒரு தறியால் காணாது.

"மெட்ராஸ்காரன் கூப்பிடலன்னா டிரம்மக் குடுத்துட்றேன். அங்க தறி போட்டுக்கலாம்" என்றான். காந்தா என்னிடம் மட்டும், "அவரு வாக்கு மாற மாட்டாரு, அதான் பயமா இருக்குது" என்றாள்.

சொந்தப் பாட்டுக்காகத் தணிகாசலம் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். எது அடித்தாலும் எங்கேயோ கேட்டதாகவே வந்தது. "சரக்கு இல்லப்பா என்கிட்ட" என்று குச்சியைப் போட்டுவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மற்றப் பாட்டுகளையாவது பதிந்து வைப்போம் என்று அமாவாசையன்று டேப் ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்தோம். அமாவாசையில் நெசவுக்காரர்கள் தறி தொட மாட்டார்கள். தெருவே அடங்கிக் கிடக்கும். தறிக்கு லீவு என்பதால் முனிசாமி மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டுக்கு வந்து திட்டினார். இரண்டாவதற்கும் வந்து திட்டினார். மழைப் பாட்டு என்று நாங்கள் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. அது தொடங்கியதும் அவர் எழுந்திருக்கவில்லை. வாசல் பக்கத்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதும் கதவில் கை விழுந்தது.

யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு அவர் எப்போதுமே வந்ததில்லை.

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சாதம் இறங்காது. ஆனால் அதைத் துருவுவதற்குள் வேறொன்று நடந்தது. பம்பாயிலிருந்து வந்த எங்கள் அத்தை பிள்ளை பராங்குசம் அந்த மழைப் பாட்டின் அசல் ரெக்கார்டையே கொண்டு வந்திருந்தான். அண்ணனும் நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டோம். நாங்கள் வாசிக்கிற நடுப்பகுதி அதில் இல்லை. வெளிநாட்டுக்காரனின் டிரம் நேராக ஓடியது. எங்களுடையதில் இரண்டு அடி விழும், மூன்றாவது அடி ஒரு மூச்சு தயங்கி விழும். அந்தத் தயக்கம்தான் அந்தப் பாட்டுக்கே உயிர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கு நம்மாத்து ரேடியோல நடுவிலே ஒரே கரகரப்பு. எனக்கு ஒண்ணும் காதிலே விழலை. தணிகாசலம்தான் தன் டிரான்சிஸ்டர்ல முழுசாக் கேட்டேன்னான்" என்றான் ஆராவமுதன்.

நான் சைக்கிளை நானே மிதித்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். "தணிகாசலம், அந்த நடுப்பகுதி ரெக்கார்டிலே இல்லவே இல்லை. அது உன்னோடது. உன் சொந்தம்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. உடனே சுருங்கியது.

"நான் எதுவும் கட்டலியே பூமா. காதுல வுழுந்ததத்தான் அடிச்சேன். வுழாதது எப்டி வுழும்?"

அதுதானே. சரக்கு இல்லை என்று சொன்னவன் பொய் சொல்கிறவன் இல்லை. ரெக்கார்டில் இல்லாத டிரம் அவன் காதில் எங்கிருந்து விழுந்தது? வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நேரே உள்ளே போனேன்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டேளே?"

"கேளும்மா."

"எல்லாப் பாட்டுக்கும் வந்து திட்டறேள். மழைப் பாட்டுக்கு மட்டும் ஏன் வரதில்லே?"

தறி நின்றது. முனிசாமி மாமா தறியில் ஓடும் பாவு நூலை விரலால் நீவிவிட்டார்.

"அது உங்க பாட்டு இல்லியேம்மா. எங்க தறி அது."

பிறகு அவரே சொன்னார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதனால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் உடலுக்கு நெய்ய, மற்றவர் ஓரத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளிவிட. மாமாவுக்கு ஓரத்தில் உட்கார்ந்தவள் அவர் மனைவி ரேணுகாம்பாள். போன ஐப்பசியில் தவறிப் போனாள். அதற்குப் பிறகு அவர் கோர்வை போடுவதில்லை. ஒண்டி ஆளாகத் தனிநிறச் சேலை நெய்கிறார்.

"நான் நூல நெருக்கற பலகைய ரெண்டு அடி அடிப்பேன். அவ நாடாவ வுடணும். வுட மாட்டா. வாயப் பாத்துக்கினு இருப்பா. எதிர்ல தணிகாசலம் ரேடியோ பாடுனா அதையும் கேட்டுக்கினு இருப்பா. ஒரு மூச்சு கழிச்சுத்தான் வுடுவா. கை எங்க போச்சுடி, கை எங்க போச்சுடின்னு காலம் பூரா திட்டினேன்மா. ஒரு நாளும் நேரத்துக்கு வுடல."

கையால் தறிக்கட்டையில் தட்டிக் காட்டினார். இரண்டு அடி. ஒரு மூச்சு. ஓர் அடி.

"அந்தத் தாமசத்த அப்டியே அடிக்கிறாம்மா அவன். எங்க புடிச்சான்னு தெரியல. கேட்டா நிறுத்திடப் போறான்னு கேக்கல."

எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன் காதுக்குத் தறிச் சத்தம் சத்தமே இல்லை. தன் மூச்சை யார் கேட்கிறார்கள்? ரேணுகாம்பாள் இருந்த நாளில், ரேடியோ மங்கிய நேரத்தில் எதிர் வீட்டுத் தறி ஓடியிருக்கிறது. இவன் அதைச் சீமைக்காரன் டிரம் என்று நினைத்துச் சிரத்தையாகப் பாடம் பண்ணியிருக்கிறான். வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய முடியாத தப்பு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. தணிகாசலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இதுவும் என்னுது இல்ல" என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"யாருக்குடா தெரியப் போறது? உன் பேரையே போட்டு அனுப்பு" என்றான் ஆராவமுதன்.

"எதிர் வூட்டுக்குத் தெரியுமேப்பா."

அன்று சாயங்காலம் தணிகாசலம் முதல் தடவையாகத் தெருவைத் தாண்டிப் போனான். அந்த அடியை வைத்துப் பாட்டுக் கட்டலாமா என்று மாமாவிடம் கேட்டான். அவர், "அவ பேரப் போடு. அவளும் உங்க செட்டுல ஒரு ஆளுன்னு எழுது. இந்த இரைச்சலுக்கு நடுவுல ஒரு நல்ல பேராவது இருக்கட்டும்" என்றார். மழைப் பாட்டின் மற்றப் பகுதிகளை உதறிவிட்டு, நடுப்பகுதியை வைத்தே ஒரு பாட்டை மூன்று பேரும் கட்டினார்கள். டேப் பெட்டியில் நான் என் கையெழுத்தில் எழுதினேன்: இசை, ரேணுகாம்பாள்.

ஆவணியில் மெட்ராஸிலிருந்து கார்டு வந்தது. 'வாசிப்பில் வேகம் இருக்கிறது. ஆனால் சொந்தப் பாட்டில் டிரம் அடிப்பவர் தாளத்தில் பிந்துகிறார். பயிற்சி தேவை.' ஆராவமுதன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அந்தக் கம்பெனிக்காரனை நான் அன்று திட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

வாக்கு வாக்குதான். வாலாஜாபாத்தில் கல்யாண பேண்டுக்காரர் ஒருவர் டிரம் செட்டைக் கேட்டிருந்தார். மாட்டு வண்டி வந்து நின்றது. தணிகாசலம் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கோலின் மேல் வைத்தான். காந்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட இடம் கிடைத்துவிட்டது, முகத்தில் சந்தோஷம் இல்லை. அப்பாதுரை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

முனிசாமி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க ஏத்திக்கினு போற?"

"வாலாஜாபாத் மாமா. குடுத்துட்டேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"ஏன்?"

"தறி போட இடம் வேணும்."

மாமா வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என் வூட்ல பாதி இடம் காலியாக் கெடக்குது. உன் தறிய அங்க போடு. என் பொண்டாட்டியத் தூக்கி வாலாஜாபாத்காரன்கிட்ட குடுக்க நீ யாருப்பா?"

வண்டிக்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். காந்தாதான் நிலையை விட்டு இறங்கி வந்து, வயிற்றுக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு, மறு கையால் சின்ன டிரம்மை வண்டியிலிருந்து எடுத்தாள்.

சாயங்காலம் முதலில் ரேணுகாம்பாள் பாட்டை வாசித்தார்கள். எதிர் வீட்டில் தறி நின்றது. அடுத்த பாட்டைத் தொடங்கியதும் மாமா வந்து கதவைத் தட்டினார்.