சனிக்கிரகக் கப்பலில் ஒரு ரிலீவர்

2006இல் சென்னைச் சிற்றிதழ் ஒன்று, இதுவரை எழுத வராதவர்களுக்கென்று அறிவியல் புனைகதைப் போட்டி வைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களைப் பூட்டும் லைனில் நின்றுகொண்டிருந்த நான், சனிக்கிரகத்துக்குப் போகும் கப்பலைப் பற்றி எழுதி அனுப்பினேன். முதல் பரிசு எனக்கே வந்தது.

விழாவுக்கு என் அறைத்தோழி சுகப்பிரியாவும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். மேடையில் நடுவர் என்னை 'ஒடுக்கப்பட்ட குரல்' என்று மூன்று முறை சொன்னார். சந்தனமாரி என்ற என் பெயரை ஒரே ஒரு முறை சொன்னார். போகட்டும், கதையையாவது படித்திருந்தார்.

"அந்தக் கப்பல்ல பாத்ரூம் போகணும்னாகூட ஒரு பொண்ணு கையைத் தூக்கணும். உடனே ரிலீவர் ஒருத்தி வந்து அவ இடத்துல நிப்பா. அப்புறம்தான் அவ நகரலாம். எவ்வளவு கொடூரமான எதிர்காலம்! இந்தக் கற்பனைக்குத்தான் பரிசு" என்றார்.

அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் சுகப்பிரியா மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசாகக் கொடுத்த கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று நினைத்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கை வாங்கினேன்.

"சார், கையத் தூக்குறது எங்க லைன்ல இப்பவே இருக்கு. அத நான் கற்பன பண்ணல."

நடுவர் திகைத்தார். "அப்ப எதைம்மா கற்பனை பண்ணீங்க?"

"தூக்குன ஒடனே ஆளு வந்துருதுல்லா, அதத்தான்."